டெனோஃபோவிரைக் கைவிட்டுவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக வேலை செய்கிறேன். 2011-இல் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது நோய் எதிர்ப்பு அணுக்களைக் கணக்கிடும் சி.டி.4 எண்ணிக்கை 140. அன்று முதல் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். ஐந்தாறு ஆண்டுகளாக வைரஸ் அளவு 'கண்டறிய இயலாத' நிலையில் இருக்கிறது. சென்ற மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தவர்கள் கல்லீரல் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 மடங்கு என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3 இருக்கிறது, என் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்துக்கு ஆகாது, மாற்றச் சொல்லுங்கள் என்று அந்த மருத்துவமனை மருத்துவர் சொன்னார். லண்டனில் இருக்கும் என் மைத்துனனோ, அங்கே இரண்டே மருந்து உள்ள மாத்திரையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டன, நீங்களும் கேளுங்கள் என்கிறான். அம்மா தினமும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். 2011-இல் மாத்திரை தொடங்கிய இரண்டாவது மாதம் எனக்குக் கண் மஞ்சளாகி, கீழாநெல்லியால்தான் சரியானது என்பது அவர் நம்பிக்கை. மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை. மகளுக்கு 9 வயது. இந்த பி வைரஸ் எனக்கு எப்படி வந்தது? இன்னும் எத்தனை ஆண்டு இருப்பேன்? மாத்திரையை மாற்றலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உறைக்குள் இருந்த சோதனை அறிக்கைகளைத்தான் முதலில் பார்த்தேன். கடிதத்தைப் பிறகுதான் படித்தேன். வரிசை மாறியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் இருப்பவர் சொத்தைப் பிரித்து எழுதி வைக்கத் தயாராகிவிட்டார். அறிக்கையில் இருப்பவர் நன்றாக இருக்கிறார். நான் அறிக்கையில் இருப்பவரோடு பேசுகிறேன்.

உங்கள் கேள்விகளில் அவசரமானது கடைசிக் கேள்வி. அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: மாற்றாதீர்கள். குறைந்தபட்சம், இந்தப் பதிலை உங்கள் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் காட்டிப் பேசும்வரை ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். நீங்கள் தினமும் இரவில் விழுங்கும் அந்த ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம். மூன்றும் எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்கின்றன. முதல் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிராகவும் வேலை செய்கின்றன. அதாவது, உங்களுக்கு பி வைரஸ் இருப்பது சென்ற மாதம்தான் தெரிந்தது. ஆனால் அதற்கான சிகிச்சை பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வந்த நோயாளி நீங்கள்.

அந்த 17 மடங்குக்கு வருவோம். அது 2002-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின் கணக்கு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 1980-களிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், கல்லீரல் நோயால் இறந்தவர்கள் ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருந்தவர்களில் 0.8 பேர், எச்.ஐ.வி. மட்டும் இருந்தவர்களில் 1.7 பேர், இரண்டும் இருந்தவர்களில் 14.2 பேர். 14.2-ஐ 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எண் வந்துவிடும். ஆனால் அந்த ஆயிரத்தில் மீதி 986 பேர் அந்த ஆண்டு கல்லீரல் நோயால் இறக்கவில்லை என்பதும் அதே கணக்குதான். இணையத்தில் யாரும் அதைக் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

அதைவிட முக்கியமானது, அந்த ஆண்கள் எந்தக் காலத்தவர்கள் என்பது. டெனோஃபோவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 2001-இன் இறுதியில்தான். அவர்களில் பலருக்குச் சரியான எச்.ஐ.வி. சிகிச்சையே பாதி வழியில்தான் கிடைத்தது. அந்த ஆய்வில் ஒரு விசித்திரம் உண்டு. 1996-இல் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு, இரண்டு வைரஸும் உள்ளவர்களிடம் கல்லீரல் இறப்பு குறையவில்லை, கூடியது. எய்ட்ஸில் செத்திருக்க வேண்டியவர்கள் பிழைத்தார்கள்; பிழைத்தவர்களின் கல்லீரலை பி வைரஸ் சாவகாசமாகத் தின்றது. அன்றைக்கு அதைத் தடுக்க அவர்கள் கையில் இருந்தது லாமிவுடின் மட்டும். அது ஏன் போதவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கதையும் அதற்குள் இருக்கிறது.

முதலில், இரண்டு வைரஸும் ஒரே உடம்பில் என்ன செய்கின்றன? பி வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம்முடைய நோய் எதிர்ப்புப் படைதான் தாக்குகிறது. அந்தச் சண்டையில் விழும் தழும்புதான் நாளடைவில் கல்லீரல் சுருக்கமாகிறது. அப்படியானால் எதிர்ப்புச் சக்தி குறைந்த எச்.ஐ.வி.காரருக்குப் பாதிப்பு குறைவாக அல்லவா இருக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நடப்பது நேர்மாறு. அரைகுறைப் படையால் வைரஸை விரட்டவும் முடிவதில்லை, சண்டையை நிறுத்தவும் முடிவதில்லை. ரத்தத்தில் பி வைரஸ் அளவு ஏறுகிறது, தழும்பு சீக்கிரம் விழுகிறது, கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. வயது வந்த பிறகு பி வைரஸ் தொற்றினால், ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களிடம்தான் அது நிரந்தரமாகத் தங்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அந்த விகிதம் பல மடங்கு அதிகம். சி.டி.4 எவ்வளவு கீழே போயிருந்ததோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். உங்களுடையது 140 வரை இறங்கியிருந்தது. ஆகவே நான் அலட்சியமாக எதையும் சொல்லப் போவதில்லை.

இப்போது உங்கள் மருந்து வரலாறு. 2011-இல் ஜிடோவுடின், லாமிவுடின், நெவிராபின். 2016-இல் ரத்தசோகை வந்ததால் ஜிடோவுடினை எடுத்துவிட்டு டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ். 2021-இல் இப்போதைய மாத்திரை. முதல் ஐந்து ஆண்டுகளைப் பாருங்கள். அந்த மூன்றில் பி வைரஸைத் தொடக்கூடியது லாமிவுடின் ஒன்றுதான். ஒற்றை ஆளாகக் காவலுக்கு நிறுத்தினால் லாமிவுடின் சீக்கிரம் தோற்றுவிடும். இரண்டு தொற்றும் உள்ளவர்களிடம் இரண்டு ஆண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், நான்கு ஆண்டில் பத்தில் ஒன்பது பேருக்கும் பி வைரஸ் லாமிவுடினை மீறப் பழகிவிட்டதாக 1990-களின் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் உடம்பில் இருக்கும் பி வைரஸும் அந்த வித்தையைக் கற்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் சிகிச்சை தொடங்கும்போது பி வைரஸ் சோதனை எல்லா இடத்திலும் எல்லோருக்கும் செய்யப்பட்டதில்லை. உங்களுக்குச் செய்யப்படாமல் போனது அப்படித்தான்.

2016-இல் உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ரத்தசோகையைத்தான் சொல்கிறேன். அதன் புண்ணியத்தில் டெனோஃபோவிர் உள்ளே வந்தது. லாமிவுடினுக்கு அடங்காத பி வைரஸும் டெனோஃபோவிருக்கு அடங்கும். அதை மீறப் பழகிய பி வைரஸை மருத்துவ உலகம் இவ்வளவு ஆண்டுகளில் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறது. ஆக, இன்றைக்கு உங்கள் கல்லீரலுக்குக் காவல் நிற்பது நடைமுறையில் டெனோஃபோவிர் ஒன்றே. லாமிவுடின் பெயருக்குத்தான் கூட நிற்கிறது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதை வைத்துக்கொண்டு உங்கள் மைத்துனரின் யோசனையைப் பார்க்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. டோலுடெகிராவிரும் லாமிவுடினும் மட்டும் உள்ள மாத்திரை அங்கே புழக்கத்தில் இருக்கிறது, எச்.ஐ.வி. மட்டும் உள்ள பலருக்கு அது போதுமானதும்கூட. கேபோடெகிராவிர், ரில்பிவிரின் ஊசிகளும் உண்மைதான். ஆனால் அந்த மாத்திரையில் டெனோஃபோவிர் இல்லை. அந்த ஊசிகளில் பி வைரஸைத் தொடும் மருந்து எதுவுமே இல்லை. பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது என்பது அங்கும் விதி. மைத்துனரிடம் சொல்லுங்கள்: அன்புக்கு நன்றி, மாத்திரை வேண்டாம்.

தனியார் மருத்துவமனை மருத்துவர் சொன்னது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். கண்காணிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் கிரியாட்டினின் 2020-இல் 1.1, இப்போது 1.3. நடுவில் என்ன நடந்தது? டோலுடெகிராவிர் வந்தது. இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே, கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு வாசலை மட்டும் கொஞ்சம் சாத்திவைக்கும். அதனால் ரத்தத்தில் அந்த எண் 0.1, 0.2 ஏறி அங்கேயே நின்றுவிடும். வடிகட்டி பழுதாகவில்லை, மீட்டர்தான் சற்றுக் கூட்டிக் காட்டுகிறது. உங்கள் வயதையும் 72 கிலோ எடையையும் வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 75 மில்லி வருகிறது. இந்த டெனோஃபோவிரைப் பற்றி நாங்கள் கவலைப்படத் தொடங்குவது அது 50-ஐ நெருங்கும்போது. சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் போகிறதா என்று ஒரு சோதனை செய்யுங்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை போனால் அது டெனோஃபோவிரின் வேலையாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்த்தால் போதும்.

நாளைக்கே சிறுநீரகம் உண்மையில் தொந்தரவு கொடுத்தாலும் வழி இருக்கிறது. டெனோஃபோவிரின் இன்னொரு வடிவம், சுருக்கமாக டி.ஏ.எஃப்., 25 மில்லிகிராம் மட்டுமே தேவைப்படுவது, சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் இதமானது, பி வைரஸை அதே அளவுக்கு அடக்குவது. அதுவும் முடியாத நிலை வந்தால், எச்.ஐ.வி.க்கான முழுக் கூட்டு மருந்தோடு சேர்த்து என்டெகாவிர் என்ற பி வைரஸ் மருந்தைக் கொடுப்போம். 'சேர்த்து' என்ற சொல்லைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்டெகாவிரை மட்டும் தனியாகக் கொடுத்தால் எச்.ஐ.வி. அதை வைத்தே லாமிவுடினை மீறப் பழகிவிடும் என்பது 2007-இல் தெரியவந்தது. அதோடு, ஏற்கெனவே லாமிவுடினை மீறிய பி வைரஸ் என்டெகாவிருக்கும் முழுதாக அடங்குவதில்லை. அதனால்தான் அது உங்கள் விஷயத்தில் கடைசி வரிசையில் இருக்கிறது. நான் பயப்படுவது வேறொரு மாற்றத்துக்கு. சிறுநீரகம் என்று சொன்னவுடன் டெனோஃபோவிரை எடுத்துவிட்டு அபாகாவிர் போடுவது எச்.ஐ.வி. சிகிச்சையில் வெகு சாதாரணம். எச்.ஐ.வி. மட்டும் இருந்தால் அதில் தவறும் இல்லை. அபாகாவிர் பி வைரஸைச் சீண்டக்கூட சீண்டாது. உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் ஹெபடைட்டிஸ் பி என்று எழுதப்படாத வரை, நல்ல மனத்தோடு, வழிகாட்டுதலின்படியே, யாராவது ஒருவர் இந்த மாற்றத்தைச் செய்துவிட முடியும்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும்? அடக்கி வைத்திருந்த பி வைரஸ் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சீறிக்கொண்டு எழும். இப்போது உங்கள் சி.டி.4 610, படை முழு பலத்தில் இருக்கிறது. சண்டையும் அதே பலத்தில் நடக்கும். பலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறி இறங்கும், அவ்வளவுதான். சிலருக்குக் கண் மஞ்சளாகும். ஒரு சிலருக்குக் கல்லீரல் செயலிழந்துவிடும். என்னிடம் வந்த ஒருவர், டெனோஃபோவிர் இல்லாத புதிய எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டே அந்த நிலைக்குப் போனவர். பிழைத்துவிட்டார். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் மனைவி என்னிடம் மாத்திரை டப்பாவைக் காட்டி, "ஒன்றுகூட மிச்சம் இல்லை டாக்டர், எண்ணிப் பாருங்கள்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, அறிக்கையில் இருக்கும் அந்த நல்ல மனிதருக்கு வருகிறேன். கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 32, எஸ்.ஜி.பி.டி. 38, தட்டணுக்கள் 2 லட்சத்து 10 ஆயிரம். இந்த எண்களை வைத்து வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். எஸ்.ஜி.ஓ.டி.யை அதன் மேல்வரம்பான 40-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கி, தட்டணுக்களை ஆயிரக் கணக்கில் எடுத்து, 210-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.38. 0.5-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் நல்லவிதமாகவே காட்டும் என்பதால் இதை மட்டும் நம்பி நான் விடுவதில்லை. கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்; வலி இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிட வேலை. ரத்தத்தில் பி வைரஸின் டி.என்.ஏ. அளவையும் பாருங்கள். இத்தனை ஆண்டு டெனோஃபோவிருக்குப் பிறகு அது கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஹெபடைட்டிஸ் சி சோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். இந்தச் சோதனைகளுக்குத் தனியாரிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். எங்கே போக வேண்டும் என்று உங்கள் ஏ.ஆர்.டி. மையத்திலேயே சொல்வார்கள்.

டி.என்.ஏ. இல்லையென்றால் ஏன் 'பாசிட்டிவ்' என்று வந்தது என்று கேட்பீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டெனோஃபோவிர் நகல் எடுக்கும் இயந்திரத்தை நிறுத்துகிறது. மூலப் பத்திரம் கல்லீரல் செல்லின் கருவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. இன்றைய மருந்துகளின் கை அதுவரை எட்டாது. அந்தப் பத்திரத்திலிருந்து வெளிவரும் மேலுறைப் புரதத்தைத்தான் அந்த மருத்துவமனைச் சோதனை கண்டுபிடித்தது. சிலருக்கு, அதிலும் குறிப்பாகச் சி.டி.4 மிகக் குறைந்த நிலையில் சிகிச்சை தொடங்கி எதிர்ப்புச் சக்தி மீண்டு வந்தவர்களில் சிலருக்கு, அந்தப் புரதமும் மறைந்துவிடுவது உண்டு. மறைந்தால் கொண்டாடலாம். டெனோஃபோவிரை நிறுத்தலாமா என்று மட்டும் அப்போதும் கேட்காதீர்கள், எச்.ஐ.வி.க்கு அது எப்படியும் வேண்டும்.

இத்தனை அடக்கியும் முழுதாக மறையாத ஆபத்து ஒன்று உண்டு. கல்லீரல் புற்றுநோய். மற்றக் கல்லீரல் நோய்களில் பெரும்பாலும் சுருக்கம் வந்த பிறகுதான் புற்று வரும். பி வைரஸ் அந்த ஒழுங்கை மதிப்பதில்லை. நல்ல கல்லீரலிலும் வரும். டெனோஃபோவிர் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது, பூஜ்ஜியமாக்குவதில்லை. 40 வயதைத் தாண்டிய ஆசிய ஆணுக்கு, பி வைரஸ் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். உங்களுக்கு வயது 43. தீபாவளிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று நான் சொல்லிவைப்பேன், மறக்காது. சிறிய கட்டியாகக் கண்டுபிடித்தால் எடுத்துவிடலாம். வலி வந்த பிறகு கண்டுபிடிப்பது வேறு கதை.

எத்தனை ஆண்டு இருப்பீர்கள் என்ற கேள்விக்கு எண்ணாகப் பதில் கேட்காதீர்கள். டெனோஃபோவிர் தொடர்ந்து, டி.என்.ஏ. அடங்கி, சுருக்கம் இல்லாமல் இருக்கும் 43 வயதுக்காரரிடம் நான் ஓய்வூதியத்துக்குச் சேமிக்கச் சொல்வேன். கல்லீரல் நோயாளிகளில் என்னைக் கவலைப்பட வைக்கும் கூட்டத்தில் நீங்கள் இல்லை.

ஆனால் சனிக்கிழமை பீர் என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டேன். நிறுத்திவிடுங்கள். இரண்டு வைரஸும் சேர்ந்த கல்லீரலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை என்னால் சொல்ல முடியாது. காபி குடியுங்கள், அதைக் கல்லீரல் விரும்புகிறது. இடுப்பு அளவு 98 சென்டிமீட்டர் என்பதும் கண்ணில் பட்டது. கொழுப்புக் கல்லீரல் மூன்றாவது எதிரியாகச் சேர வேண்டாம்.

எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். கேள்வியின் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது தெரிகிறது: மனைவி என்ன நினைப்பார்? 2016 முதல் நீங்கள் டெனோஃபோவிர் சாப்பிடுகிறீர்கள். அது புதிதாக பி வைரஸ் தொற்றுவதையும் பெருமளவு தடுக்கும். ஆகவே இது சமீபத்தில் வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எச்.ஐ.வி. வந்த அதே வழியில், அதே காலத்தில் வந்திருக்கலாம். அதற்கும் முன்பே, நீங்கள் குழந்தையாக இருந்தபோதும் வந்திருக்கலாம். பிறக்கும்போதே பி வைரஸ் தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். உங்கள் தலைமுறைக்குப் பிறந்தவுடன் போடும் தடுப்பூசி கிடையாது. ஒரே ஊசியைக் கொதிக்கவைத்து ஊருக்கே போட்ட காலம் அது. நம் நாட்டில் பி வைரஸோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது எந்த நாளில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. உங்கள் எச்.ஐ.வி. விவரத்தை அவர்களிடம் சொல்லாமலேயே இதைச் சொல்ல முடியும்.

மனைவிக்கு இந்த வாரமே சோதனை செய்யுங்கள். எச்.ஐ.வி.யை விடப் பல மடங்கு எளிதில் தொற்றக்கூடியது பி வைரஸ். உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். அவருக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு 10-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை கட்டாயம். மகளுக்கு 9 வயது என்பதால், ஆறாவது வாரத்திலிருந்து போட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் பி வைரஸுக்கான பாதுகாப்பும் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் அந்த ஊசி 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அட்டையை எடுத்துப் பாருங்கள். அவளுக்கும் ஒரு சோதனை செய்துவிட்டால் உங்கள் மனம் அடங்கும். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி உங்களுடையது உங்களோடு. தட்டு, டம்ளர், கட்டிப்பிடித்தல், ஒரே தட்டில் பிசைந்த சோறு, இவற்றால் பி வைரஸ் பரவுவதில்லை. மகளைத் தள்ளி வைக்காதீர்கள்.

இனி அம்மாவின் கீழாநெல்லி. இதைச் சிரித்துத் தள்ளும் டாக்டர்களில் நான் ஒருவன் இல்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லியைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதியது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கியவர். முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் பி வைரஸ் புரதம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எங்கள் ஊர்ச் செடி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த தருணம் அது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான்.

2011-இல் உங்கள் கண் மஞ்சளானதற்கு இரண்டு காரணம் இருந்திருக்கலாம். ஒன்று, நெவிராபின், கல்லீரலைத் தொந்தரவு செய்வதில் பேர்போன மருந்து. மற்றொன்று, சிகிச்சையால் மீண்டு எழுந்த எதிர்ப்புப் படை, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட பி வைரஸைத் திடீரென்று கவனித்துத் தாக்கியது. சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் இது நடக்கக்கூடியது. நெவிராபினை நிறுத்தாமலேயே மஞ்சள் இறங்கியது என்று எழுதியிருப்பதால் என் சந்தேகம் இரண்டாவதன் மேல். எப்படியிருந்தாலும் அது தானாக இறங்கியிருக்கும்; அந்த வாரங்களில் கையில் இருந்தது கீழாநெல்லி, பெயர் அதற்குப் போயிற்று. அம்மாவோடு சண்டை வேண்டாம். மாத்திரைக்குப் பதிலாக அது இல்லை என்பது உங்களுக்குத் தெளிவாக இருந்தால் போதும். கடையில் டப்பாவில் அடைத்து விற்கும் 'லிவர்' பொடிகள், பெயர் தெரியாத லேகியங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளையும் அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளையும் டோலுடெகிராவிரோடு சேர்த்து விழுங்காதீர்கள். அதன் வேலையைக் குறைத்துவிடும். உங்கள் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுத்துக்கொள்ளலாம். காசநோய்த் தடுப்பு மாத்திரை தரப்படும்போது பி வைரஸ் இருப்பதைச் சொல்லுங்கள்; அதைத் தரலாம், கல்லீரல் நொதியை மட்டும் இடையில் பார்க்க வேண்டும்.

குடலிறக்கம் பாக்கி இருக்கிறது. 'பாசிட்டிவ்' நோயாளி என்பதால் கூடுதல் கட்டணம் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கையுறையும் கவனமும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளலாம். உங்கள் மருந்துகளை அறிந்தவர்களும் பக்கத்தில் இருப்பார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னிரவு வழக்கமான மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வெறும் வயிறு என்று நர்ஸ் சொன்னாலும், எந்த நேரத்துக்குப் பிறகு என்று கேட்டுக்கொண்டு அதற்கு முன் விழுங்கிவிடுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற ஊசி போட வந்தால், டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும். அளவோடு பாராசிட்டமால் போதும், ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். ஏ.ஆர்.டி. மையத்தில் உங்கள் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'ஹெபடைட்டிஸ் பி உண்டு, டெனோஃபோவிரை நிறுத்தக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குக் கட்டும் பையில் வேட்டி, துண்டுக்கு முன்னால் அந்தப் புத்தகமும் மாத்திரை டப்பாவும் இருக்கட்டும். டி.என்.ஏ. அறிக்கையும் ஃபைப்ரோஸ்கேனும் வந்தவுடன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.